ரேடியம் தண்ணீர்ப் பானை விஷயமாக

உ

பதுளை பஜார்,
ரக்தாக்ஷி வருஷம் கார்த்திகை மாதம்.

சகல சௌபாக்கியமும் பெற்றுக் கொழும்புப் பட்டணத்தில் டாக்டர் படிப்புப் படித்துக்கொண்டிருக்கும் சிரஞ்சீவி மருமகப்பிள்ளை சண்முகராஜாவுக்கு, உன் தாய்மாமன் வைரவநாதன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம். யாவரும் என்றால் இப்போதைக்கு நான்தான். உன் அத்தை விசாலாட்சி போன பிறகு அந்தச் சொல்லை மாற்றலாமா என்று யோசித்தேன். 'இவ்விடம் ஒருவர் க்ஷேமம்' என்று எழுதினால் தந்தி மாதிரி இருக்கிறது, படிக்கிறவன் பயந்துபோவான். ஆகையால் யாவரும் க்ஷேமம். ஊரில் உன் தாயார் வடிவம்மாளும் க்ஷேமம் என்று அவளே எழுதியிருக்கிறாள்.

நிற்க. உன் கடிதம் கிடைத்தது. அதில் விஷயம் இரண்டு. நான் குடிதண்ணீர்ப் பானையில் போட்டு வைத்திருக்கிற ரேடியம் கல்லை உடனே தூக்கித் தூர எறிய வேண்டும் என்பது ஒன்று. கிறிஸ்மஸ் லீவுக்கு நீ பதுளைக்கு வர முடியாது, ஆஸ்பத்திரி வார்டில் முறை போட்டுவிட்டார்கள், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மட்டும்தான் லீவு கேட்கலாம் என்பது மற்றொன்று. இதை முதலில் முடித்துவிடுகிறேன். நீ வர வேண்டாம். எனக்கு என்ன குறை? உடம்பு இரும்பு. முன்னேயெல்லாம் ரயில் பதுளை வரைக்கும் வராது, பாதியில் இறங்கி மாட்டு வண்டி பிடிக்க வேண்டும், இடுப்பு கழன்றுபோகும் என்று எழுதுவாய். நானும் நியாயம்தானே என்று இருந்தேன். இந்த வருஷம் ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. கொடி கட்டி, மேளம் அடித்து, பஜாரே திரண்டுபோய் அதைப் பார்த்தோம். ரயில் வந்துவிட்டது, நீதான் வரவில்லை. அதனால் என்ன, படிப்புதான் பெரிசு. மாடி அறையைத் தூசி தட்டி வைத்திருந்தேன். மறுபடியும் தூசி விழட்டும், அதுவும் எங்கேதான் போகும்.

இனி கல் விஷயம். மாப்பிள்ளை, நான் என்னமோ ஆற்றங்கரையில் கிடந்த கூழாங்கல்லைப் பொறுக்கிவந்து பானையில் போட்டுக்கொண்டதாக நீ நினைக்கிறாய். அது வந்த வழியைக் கேள். ஹல்துமுல்லைக்குக் கீழே பலாங்கொடைப் பக்கம் மாணிக்கக் குழி தோண்டுகிற இடங்களைச் சுற்றி வியாபாரம் பண்ணுகிற மொஹிதீன் என்று ஒரு கல் தரகர். மழைக்கு நம்ம கடையில் ஒதுங்கினவர், என் முகத்தைப் பார்த்தே இவர் விஷயம் தெரிந்தவர் என்று கண்டுகொண்டு மடியிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்தார். நெல்லிக்காய் அளவுதான். கையில் வாங்கினேன், கை கீழே போய்விட்டது, அவ்வளவு கனம். தராசில் வைத்தால் தட்டு தரையைத் தொட்டது. தராசே வளைந்தது என்றுகூடச் சொல்லலாம், சொன்னால் நீ நம்பமாட்டாய். "மொதலாளி, மாணிக்கம் தோண்டையில வந்த கல்லு இது. வெள்ளைக்காரன் தேடித் தேடி வாங்கிச் சீமைக்கு அனுப்புறான். உள்ள ரேடியம் இருக்கு"ன்னார். நான் லேசுப்பட்டவனா? ரேடியம் போட்ட தண்ணீரைச் சீமையில் துரைமார் ஜாடி ஜாடியாகக் குடித்து இளமை திரும்புகிறார்கள் என்று பேப்பரில் விளம்பரம் வந்ததை முன்னமே படித்தவன். இங்கிலீஷ் பேப்பர்தான். படம் போட்டிருந்ததால் சிரமம் இல்லை. கிழவர் ஒருவர் ஜாடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அதற்குமேல் என்ன படிக்க வேண்டும்?

கல்லை வாங்கிப் பானையில் போட்டுக் குடிக்க ஆரம்பித்தேன். மறுநாளே பிடரி மயிர் கறுத்துவிட்டது. எனக்குத் தெரியாது, சவரம் பண்ண வந்தவன் சொன்னான். அரிசி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கினேன். மூட்டை பாதிதான், ஆனால் அந்தப் பாதியைக்கூட முன்பு நான் தூக்கினதில்லை. விஷயம் காற்றாய்ப் பரவிவிட்டது. கவர்ன்மெண்டுக் கச்சேரியிலிருந்து ஏஜெண்டு துரையின் குதிரைக்காரனே வந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனான். அவன் குடித்தது துரையே குடித்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் லுணுகலை ரோட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பஜாரில் சாமான் வாங்கிக்கொண்டு நேரே நம்ம கடைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தலைவி புஷ்பம் என்று ஒரு கொழுந்து பறிக்கிற அம்மாள். "மலை ஏறி எறங்கி முட்டி தேஞ்சுபோச்சுங்க மொதலாளி. அந்தக் கல்லுத் தண்ணி ஒரு டம்ளர் ஊத்துங்க"ன்னு உரிமையோடு கேட்பாள். பஜாரில் தோட்டத்து ஆட்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றுகிற கடைகள் உண்டு, உனக்குத் தெரியும். நம்ம கடையில் உன் அத்தை காலத்திலிருந்தே எல்லாருக்கும் டம்ளர்தான். வாசலில் நீளமாய் ஒரு பெஞ்சு போட்டேன். அது போதவில்லை, இன்னொன்று போட்டேன். விசாலாட்சி இருந்த காலத்தில்கூட நம்ம வீட்டில் இவ்வளவு டம்ளர் கழுவினதில்லை அப்பனே. சாயங்காலம் கை விறைத்துப்போகும். நல்ல விறைப்பு.

கூட்டம் சேர்ந்தால் எதிர்க்கட்சியும் சேரும் அல்லவா. எதிர்க்கட்சிக்குத் தலைவர் எதிர்த்த ஜவுளிக்கடை இப்றாஹீம். நான் அவரை நானா என்கிறேன், அவர் என்னை அண்ணாச்சி என்கிறார், இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை. அவர் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது என்ன தண்ணி அண்ணாச்சி?"

"ரேடியம் தண்ணி நானா. கொஞ்சமாக் குடிச்சா உடம்புக்கு உரம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்."

"அதத்தான் கேக்குறேன். எவ்வளவு?"

நான் விடுவேனா? உப்பு கொஞ்சம் போட்டால் குழம்பு, கூடினால் கடல்தண்ணி. அதற்காக உப்பே கூடாது என்பாரா? நாட்டு வைத்தியர் பாஷாணத்தையே சுத்தி பண்ணிக் குன்றிமணி அளவில் கொடுத்து ஆளைப் பிழைக்க வைக்கிறார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இல்லையா? அளவில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஒரு பிரசங்கமே பண்ணினேன். புஷ்பம் கூட்டத்தார் கை தட்டினார்கள். நானா அசையவில்லை. "சுண்ணாம்பு கூடினா வாய் வெந்துரும், உடனே தெரிஞ்சுரும். உப்புக் கூடினா நாக்கு சொல்லிரும். இது கூடுச்சுன்னு உங்களுக்கு யாரு வந்து சொல்லுவா? கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, கரிக்காது. சொல்லாம கொள்ளாம உள்ள போற சாமானுக்கு நீங்க எப்படி அளவு வைப்பீங்க?"ன்னார். பெஞ்சில் பாதிப்பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் நீ முன்பு ஒரு கடிதத்தில் சொல்லியிருந்த சோதனை ஞாபகம் வந்தது. பஜாரில் படம் பிடிக்கிற ஸலீமைப் பிடித்து, படம் விழுகிற, வெளிச்சம் படாத கண்ணாடித் தட்டு ஒன்றைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் கடைச் சாவியை வைத்து, சாவிக்குமேல் கல்லை வைத்து, பெட்டிக்குள் மூடி வைத்துவிட்டோம். சில நாள் கழித்துத் தட்டை மருந்தில் கழுவிப் பார்த்தால், ஆஹா, சாவியின் உருவம் அப்படியே விழுந்திருக்கிறது! விளக்கில்லாமல், வெயிலில்லாமல், கல் தானாகவே படம் பிடித்திருக்கிறது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு பஜார் முழுக்க நடந்தேன். நானா தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கறுப்புக் காயிதத்தத் தாண்டிப் போயிருக்கு."

"போயிருக்கில்ல? இப்ப ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன். காயிதத்தையே தாண்டுது. உங்க கொடலுகிட்ட வந்ததும், இது அண்ணாச்சி வீட்டுக் கொடல், மரியாதையா நிப்போம்னு நின்னுருமா?"

"வெயில்கூடக் கண்ணாடியத் தாண்டி வருது நானா. வெயில் கெட்டதா?"

"வெயில்லதான் கருவாடு காயுது அண்ணாச்சி."

இப்படி, ஒரே தட்டை வைத்துக்கொண்டு நான் பலம் என்கிறேன், அவர் கெடுதல் என்கிறார். அந்திக்கு அந்தி இந்த வழக்கு. அவர் கடையைச் சாத்திவிட்டு வருவார், நான் பெஞ்சைத் துடைத்து வைத்திருப்பேன். ஒரு நாளும் தீர்ந்ததில்லை. தீராமல் இருந்ததில் எனக்கு நஷ்டமும் இல்லை.

இதற்குள் புஷ்பம் வேலை செய்கிற தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் லிங்கம் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மருந்துப் பெட்டியும் கண்ணாடியுமாய் இருப்பார். இரண்டு கட்சியையும் கேட்டுவிட்டு, "இப்பிடிக் கத்திக் கொண்டிருந்தால் ஒரு காலமும் முடியாது. மனுசருக்கு நம்பிக்கையிலேயே பாதி நோய் வருத்தம் மாறிப்போகும் காணும். அதைக் கழிச்சுப் பார்க்க வேணும்" என்று ஒரு திட்டம் போட்டார். ஒரே மாதிரி இரண்டு பானை. ஒன்றில் கல், மற்றதில் வெறும் தண்ணீர். முட்டி வலிப் பெண்களில் பாதிப்பேருக்கு இது, பாதிப்பேருக்கு அது. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. மாசக் கடைசியில் யாருக்கு வலி குறைந்தது என்று பார்ப்பது. தீர்ப்பு அன்றைக்கு. பானைகளுக்குப் பொறுப்பாளி யார் என்று பஜாரைக் கேட்டார்கள், பஜார் ஒரே குரலாய் என் பெயரைச் சொன்னது. ஒரே குரல் என்றால், நானா சொன்னார்.

முதல் ஞாயிறு. பெண்கள் வரிசையாய் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இந்தப் பானையிலிருந்து இந்தப் பக்கத்துக்கு ஊற்றினேன். அந்தப் பானையிலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஊற்றப் போனேன். கை வரவில்லை மாப்பிள்ளை. நீயே சொல்லு. ஒரே பெஞ்சு, ஒரே வரிசை, நம்மளை நம்பி வந்து டம்ளரை நீட்டுறாங்க. இந்தப் பக்கத்துக்குக் கல்லுத் தண்ணி, அந்தப் பக்கத்துக்கு வெறுந்தண்ணியா? இதுக்குப் பேர் பந்தி வஞ்சனை இல்லாமல் வேற என்ன? கல்யாண வீட்டில் இந்த இலைக்கு நெய், அந்த இலைக்கு நெய் இல்லை என்று பரிமாறினவன் நம்ம வம்சத்தில் உண்டா? உன் அத்தை பரலோகத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே அன்றைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிட்டு, மறு வாரத்திலிருந்து, யாருக்கும் தெரியாமல், கல் கிடந்த பானையிலிருந்து பாதியை மொண்டு மற்றப் பானையில் ஊற்றி வைத்துவிட்டேன். சில நாள் கல்லையே இந்தப் பானையிலும் அந்தப் பானையிலும் மாற்றி மாற்றிப் போட்டேன், பானைக்குப் பானை வருத்தம் வேண்டாம் என்று.

மாசக் கடைசியில் டிஸ்பென்சர் எல்லாரையும் விசாரித்தார். எல்லாருக்கும் வலி குறைந்திருந்தது. அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. "பார்த்தீரே! கல்லுத் தண்ணியும் வெறுந்தண்ணியும் ஒண்டுதான். கல்லில ஒரு சத்தும் இல்லை!" என்று எழுந்து நின்றே சொல்லிவிட்டார். கல்லுக்கு அப்படி ஒரு அவமானம் வரும்போது நான் வாயை மூடிக்கொண்டிருப்பதா? நடந்ததைச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"என்ன விசர் வேலை காணும் பார்த்து வைச்சிருக்கிறீர்? நான் உம்மைத் தண்ணி வார்க்கச் சொன்னனானா, தருமம் பண்ணச் சொன்னனானா?"

நானா சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டார். புஷ்பம்தான் சமாதானம் பண்ண வந்தாள். "தண்ணி கெடக்கட்டும் டாக்டர் ஐயா. இந்தப் பெஞ்சுல காலை நீட்டி உக்கார விடுறாருல்ல, மலையில அதுக்கு யாரு விடுறா? உக்காந்தா வலி நிக்குது"ன்னா. டிஸ்பென்சர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, பெஞ்சையும் கழிக்க வேணுமே!" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கொஞ்சம் கூட்டம் கம்மி. டிஸ்பென்சர் தோட்டத்தில் போய், என்னவென்று தெரியாத தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், தோட்டத்துத் துரையும் அதற்கு ஆமாம் போட்டுவிட்டார். கோபத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவர் உத்தியோகம் அது. புஷ்பம் ஞாயிற்றுக்கிழமை ரோட்டோடு போகும்போது, "நல்லா இருக்கீங்களா மொதலாளி"ன்னு நின்று கேட்பாள். "வாங்க, உக்காருங்க"ன்னா, "சாமான் தூக்கிட்டு மலை ஏறணுங்க"ன்னு போய்விடுவாள். வெறும் பெஞ்சில் உட்காருவதற்கு அவளுக்கும் ஒரு காரணம் வேண்டாமா? இரண்டாவது பெஞ்சை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டேன்.

நானா இருந்தவரைக்கும் பாதகமில்லை. அவருடைய மகள் ஸைனப்புக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. கடையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு பண்டாரவளைக்குப் போய்விட்டார். போகிற அன்றைக்கு வண்டியில் ஏறினவர் மறுபடி இறங்கி வந்து, "நான் வர்ற வரைக்கும் அந்தத் தண்ணியத் தொடாதீங்க அண்ணாச்சி. திரும்பி வந்தா வாதாட எனக்கு ஆள் வேணும்"ன்னார். அவர் போனதிலிருந்து வழக்கில் நான் தினமும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறேன். எதிரே ஆள் இல்லாததால் ஜெயம் லேசாய் வருகிறது, ஆனால் ருசி இல்லை. சில சாயங்காலம் நானா பக்கத்தையும் நானே பேசிப் பார்க்கிறேன். அன்றைக்கெல்லாம் தோற்றுவிடுகிறேன்.

இருக்கட்டும். உன் கடிதத்தில் உனக்கே பதில் இருக்கிறது. உங்கள் பெரிய டாக்டர்களில் ஒருவர் கொஞ்சம் ரேடியம் உடம்பைத் தட்டி எழுப்பும் என்கிறாராம், இன்னொருவர் எவ்வளவு கொஞ்சமானாலும் அந்தக் கொஞ்சத்துக்கு உண்டான கெடுதல் உண்டு என்கிறாராம், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். அப்படியானால் பதுளை பஜாருக்கும் உங்கள் காலேஜுக்கும் என்ன வித்தியாசம்? எங்களுக்கு முகத்தைத் திருப்பத் தெரியாது, அதுதான். அவர்கள் இரண்டு பேரையும் இங்கே அனுப்பு. பெஞ்சு இருக்கிறது.

ரேடியத்தைக் கையாளுகிறவர்களுக்கு விரல் நுனி உரியும், களைப்புத் தட்டும், இரத்தம் குறைந்து முகம் வெளிறும் என்று மூன்று குறி எழுதியிருந்தாய். கண்ணாடி முன்னே நின்று பார்த்தேன். விரல் நுனி, வெண்ணெய். களைப்பு, அப்படி ஒன்று இருப்பதே நீ எழுதித்தான் தெரியும். முகம் வெளிறுவதாவது! நம்ம வம்சத்து நிறத்துக்கு வெளிறுவது லேசான காரியமா? ஆகவே நான் சௌக்கியம், கல் சௌக்கியம், வழக்கு என் பக்கம். நீ வர வேண்டிய அவசியம் துளியும் இல்லை என்பதை இதனால் ஸ்திரமாக அறியவும்.

உன் படிப்பு குறைவில்லாமல் நடக்க வேண்டும், உன் கைபட்ட நோயாளி எழுந்து நடக்க வேண்டும், நீ சாப்பிடுகிற கிளப்பில் ரசம் ரசமாக இருக்க வேண்டும் என்று கதிர்காமத்துக் கந்தனை வேண்டி ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
சர்வ ஆரோக்கியத்துடன்,
உன் மாமன்
வைரவநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டுத் தபாலாபீஸ் வரைக்கும் போய்த் திரும்பி வந்து பிரித்திருக்கிறேன். மேலே எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். எனக்கு உடம்பு சரியில்லை. நீ எழுதிய மூன்று குறியில் எது வந்தால் லீவு கொடுப்பார்கள் என்று நீ தெளிவாய் எழுதவில்லை. விரல் நுனி மட்டும் உரிந்தால் போதுமா, களைப்பும் சேர வேண்டுமா? மூன்றும் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு மனு எழுதிவிடு. வெளிறினதையும் சேர்த்துக்கொள், கொழும்பில் யாரும் என்னைப் பார்த்ததில்லை. வழக்கிலும் நீயும் நானாவும்தான் ஜெயித்தீர்கள். கொஞ்சமும் கெடுதல்தான், ஒப்புக்கொண்டேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தண்ணீரை இன்றைக்கே கொட்டிவிட்டேன். கல்லையும் நானே எறிந்திருப்பேன், ஆனால் அப்படிப்பட்ட சாமானைப் படித்த டாக்டர் ஒருவர் நேரில் வந்து எடுத்தால்தான் முறை. எந்த வண்டியில் வருகிறாய் என்று ஒரு வரி எழுது. எழுத நேரமில்லாவிட்டாலும் பாதகமில்லை மாப்பிள்ளை, எல்லா வண்டிக்கும் நான் ஸ்டேஷனுக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன்.